தாடை வலி, கன்ன வலி, வாய் திறக்க ஏலாமை: பிசியோவில என்ன செய்வாங்க, வீட்டில என்ன செய்யோணும், முழுமையான வழிகாட்டி

நான் திருகோணமலையில வீட்டோட மெஷின் வச்சுத் தைக்கிற ஆள். 18 வருசமா நூலைப் பல்லால கடிச்சுத்தான் அறுத்தன், குண்டூசி நாலஞ்ச பல்லுக்குள்ள பிடிச்சுக்கொண்டுதான் மடிப்புப் போடுவன், போன் வந்தா தோளுக்கும் கன்னத்துக்கும் இடையில செருகிப்போட்டு கதைச்சுக் கதைச்சே தைப்பன். இதெல்லாம் தாடைக்கு வேலை வைக்குது எண்டு ஒருநாளும் யோசிச்சதில்ல. ஸ்கூல் யுனிபோம் தைக்கிற சீசன் ஒண்டில இடது பக்கக் கடவாய்ப் பல்லு விண் விண் எண்டு வலிக்கத் தொடங்கிச்சு, ஒரு இடத்தில போய்ப் புடுங்கினன், பல்லு போயிட்டுது வலி அப்பிடியே கிடந்தது. பிறகு காது வலி எண்டு நினைச்சு காதுக்குச் சொட்டு மருந்து விட்டன், அதும் சரி வரேல்ல. மூண்டு மாசம் கழிச்சு ஒரு பிசியோதெரபி மிஸ் என்ட கன்னத்தில ஒரு இடத்தைக் கண்டுபிடிச்சு விரலால மெல்ல அழுத்தினவ. புடுங்கின பல்லு வலிச்சுது. வாய்க்குள்ள இல்லாத பல்லு!

அண்டைக்குத்தான் விளங்கிச்சு, வலி வாற இடம் வேற, வலி தெரியிற இடம் வேற எண்டு. நான் டொக்டரும் இல்ல பிசியோவும் இல்ல, எனக்குச் செய்ததையும் மிஸ் சொல்லித் தந்ததையும் பிறகு வாசிச்சு விளங்கிக்கொண்டதையும்தான் எழுதுறன். கொஞ்சம் நீளம்தான், ஆறுதலா வாசிங்க.

முதல்ல அந்த மூட்டைத் தொட்டுப் பாருங்க

ரெண்டு சுட்டு விரலையும் காதுத் துவாரத்துக்கு முன்னால இருக்கிற சின்னக் குருத்துக்குக் கொஞ்சம் முன்னுக்கு வச்சு வாயைத் திறந்து மூடுங்க. விரலுக்குக் கீழ ஒரு குமிழ் அசையும், அதான் தாடை மூட்டு, ஆஸ்பத்திரியில டி.எம்.ஜே எண்டுவாங்க. கீழ்த்தாடை ஒரே எலும்பு, ரெண்டு அந்தத்திலயும் ஒவ்வொரு மூட்டு, அதால ஒரு பக்கம் பிழைச்சா மற்றப் பக்கமும் சேந்து இழுபடும். வாய் திறக்கேக்க முதல்ல கதவுப் பிணைச்சல் மாதிரி சுழலும், இன்னும் திறந்தா முன்னுக்கு வழுக்கி வரும். எலும்புக்கு இடையில குருத்து மாதிரி ஒரு சின்னத் தட்டு இருக்கு, அது இடம் விலகி இருந்து திரும்ப ஏறேக்கதான் அநேகமா அந்த 'டிக்' சத்தம் வாறது. சத்தம் மட்டும்தான், வலியும் இல்ல, பூட்டுப்படுறதும் இல்ல எண்டா அதுக்கு வைத்தியம் தேவையில்ல, சும்மா பயப்படாதேங்க. ஊரில பாதிப்பேருக்கு எங்கயாவது ஒரு மூட்டு சத்தம் போடத்தான் செய்யுது.

அடுத்தது தசை. உள்ளங்கையைக் கன்னத்தில வச்சுப் பல்லைக் கடிங்க, கல்லு மாதிரி ஒண்டு எழும்பும், அது மசெற்றர். கன்னப்பொறியில கைய வச்சுக் கடிங்க, அங்கயும் அசையும், அது டெம்பொராலிஸ். உள்ளுக்கு டெரிகோயிட் எண்டு இன்னும் ரெண்டு சோடி. மசெற்றர் களைச்சா வலி கடவாய்ப் பல்லுக்கும் காதுக்கும் போகும், டெம்பொராலிஸ் களைச்சா தலையிடி எண்டு நினைப்பம். கழுத்தின்ட மேல் பக்கத்து நரம்பும் முகத்து நரம்பும் மூளைக்குப் போற வழியில ஒரே இடத்திலதான் சந்திக்குதாம், அதால கழுத்துப் பிடிப்பு முகவலியாத் தெரியிறதும் உண்டு. குனிஞ்சு தைக்கிற எனக்கு ரெண்டும் இருந்தது.

பிசியோவுக்குப் போகாம நேர டொக்டரிட்ட ஓட வேண்டியது எது

இதை மட்டும் தாண்டிப் போகாதேங்க. மாடிப்படி ஏறேக்க, வேகமா நடக்கேக்க தாடை வலிச்சு, இருந்தா குறையுது, நெஞ்சு இறுக்கமோ வேர்வையோ சேந்து வருது எண்டா அது தாடை இல்ல, இதயமா இருக்கலாம், உடன ஆஸ்பத்திரி. 50 வயசு தாண்டின ஆக்களுக்குப் புதுசா கன்னப்பொறி வலி, தலை சீவேக்க தலைத்தோல் நோ, சப்பச் சப்பத் தாடை களைக்கிறது, கண் மங்கிறது எண்டா அண்டைக்கே காட்டோணும், விட்டா கண் பார்வை போகக்கூடிய ஒரு இரத்தக்குழாய் வருத்தம் அது. காய்ச்சலோட கன்னம் வீங்கினா பல்லுக் கிருமியா இருக்கலாம். முகத்தில கரண்ட் அடிச்ச மாதிரி ஒரு சில செக்கன் மட்டும், முகம் கழுவினா, காத்துப் பட்டா, பல்லுத் தீட்டினா வருது எண்டா அது நரம்பு வலி, ட்ரைஜெமினல் நியூரால்ஜியா, அதுக்கு மாத்திரைதான் முதல் வைத்தியம், மஸாஜ் பண்ணினா இன்னும் கிளம்பும். கொஞ்சம் கொஞ்சமா வாய் பூட்டுப்பட்டு உடம்பு விறைச்சா, அதும் அண்மையில ஆணி ஏதும் குத்தின காயம் இருந்தா, ஏற்புவலியா (டெட்டனஸ்) இருக்கலாம், வீட்டில வச்சிருக்காதேங்க.

இன்னொண்டு, எங்கட பக்கத்துக்கு முக்கியமானது. வெத்திலை பாக்கு, மாவா போடுறவைக்கு வாய் மெல்ல மெல்லச் சின்னனாகிக்கொண்டு வரும், உறைப்புச் சாப்பிட்டா எரியும், கன்னத்து உள்தோல் வெளிறி நார் மாதிரி இறுகும். அது மூட்டுப் பிரச்சினை இல்ல, பாக்கால வாற வருத்தம், புற்றுநோயா மாறக்கூடியது. இலங்கையில ஆம்பிளையளுக்கு வாற புற்றுநோயில முதலிடம் வாய்ப் புற்றுநோய்க்குத்தான். வெள்ளைப் படையோ ரெண்டு கிழமைக்கு மேல ஆறாத புண்ணோ இருந்தா முதல்ல பல்லு டொக்டர், பிசியோ பிறகு. கடற்கரைப் பக்கம் எங்கட மாமாமார் எத்தின பேர் "வயசு போட்டுது, அதான் வாய் திறக்குதில்ல" எண்டு சொல்லிக்கொண்டு திரியினம், கேக்கவே பயமாக் கிடக்கு.

உங்கட வாயை நீங்களே அளவெடுங்க

ஊர் முழுக்க அளவெடுக்கிறன், என்ட வாயை அளக்கத் தெரியாம இருந்தன். கண்ணாடிக்கு முன்னால நிண்டு, உங்கட சுட்டு விரல், நடுவிரல், மோதிர விரல் மூண்டையும் நெருக்கிச் சேத்து நிமித்தி, மேல் முன்பல்லுக்கும் கீழ் முன்பல்லுக்கும் இடையில வச்சுப் பாருங்க. மூண்டும் போனா நல்லம், ரெண்டுதான் போகுது எண்டா குறைவு. சரியா அளக்க மில்லிமீற்றர் வேணும். அடிமட்டத்தில 0க்கு முன்னால கொஞ்சம் வெத்து இடம் விட்டிருப்பாங்க, அதால நேர வச்சா பிழைக்கும், நான் செய்யிறது ஒரு தடிச்ச பேப்பர் துண்டை நிமித்தி வாய்க்குள்ள பிடிச்சு மேல்பல்லு நுனியிலயும் கீழ்ப்பல்லு நுனியிலயும் பென்சிலால அடையாளம் போட்டு, பிறகு அதை மேசையில வச்சு அளக்கிறது. பெரிய ஆக்களுக்கு 40 மில்லிமீற்றர் அளவில வந்தா சாதாரணம், 35க்குக் கீழ எண்டா குறைஞ்சிருக்கு. எனக்கு முதல் நாள் 27.

திறக்கேக்க நாடி (மோவாய்) நேர இறங்குதா எண்டும் பாருங்க. வளைஞ்சு போய்த் திரும்ப நடுவுக்கு வந்தா ஒரு கதை, ஒரு பக்கம் இழுபட்டு அங்கயே நிண்டா வேற கதை. அப்பிடி நிண்டு, 25, 30 மில்லிமீற்றருக்கு மேல ஏலாது, முந்தி இருந்த 'டிக்' சத்தம் ஒருநாள் திடீரெண்டு நிண்டுபோட்டுது எண்டா, தட்டு முன்னால போய் மாட்டியிருக்கலாம். அதை நீங்களா இழுத்துத் திறக்கப் பாக்காதேங்க, கெதியாக் காட்டுங்க. எல்லாத்தையும் ஒரு கொப்பியில தேதி போட்டு எழுதுங்க, வலி 10க்கு எத்தினை, எந்த நேரம் கூட, காலமை எழும்பேக்கயா பின்னேரமா. காலமை கூட எண்டா ராத்திரி பல்லு நெருமுறீங்க, பின்னேரம் கூட எண்டா பகல்ல கடிக்கிறீங்க, அநேகமா அப்பிடித்தான்.

எங்க போறது, அங்க என்ன நடக்கும்

அரச ஆஸ்பத்திரியில காசில்ல. டவுன் ஆக்களுக்கு மாவட்டப் பொது வைத்தியசாலை, கிண்ணியா, மூதூர், கந்தளாய்ப் பக்கம் இருக்கிறவைக்கு அங்கங்க ஆதார வைத்தியசாலை. ஓபிடியில துண்டெடுத்து டொக்டரிட்டயோ பல்லுக் கிளினிக்கிலயோ காட்டி, பல்லில பிழையில்ல எண்டு உறுதியாக்கின பிறகு பிசியோவுக்கு எழுதித் தரச் சொல்லிக் கேளுங்க. கேக்காட்டி பனடோலோட அனுப்பிடுவாங்க, சனம் கூட, அவையையும் குறை சொல்லேலாது. காலமை வெள்ளன போங்க, கொப்பியைக் கொண்டு போங்க.

பிசியோ முதல்ல கேள்வி கேப்பாங்க, பிறகு கழுத்து, தோள், நீங்க இருக்கிற விதம் எல்லாம் பாப்பாங்க, "தாடைக்கு வந்தா கழுத்தை ஏன் பாக்கிறீங்க மிஸ்" எண்டு நானும் கேட்டன். பிறகு கையுறை போட்டு வாய்க்குள்ள விரல் விடுவாங்க. கடவாய்ப் பல்லு மேல பெருவிரலை வச்சு, மற்ற விரலால நாடியைக் கீழால பிடிச்சு, தாடையை மெதுவாக் கீழ்ப்பக்கம் இழுத்துப் பிடிக்கிறது, மூட்டுக்கு இடம் குடுக்கிறதுக்காம். வலிக்கும் எண்டு பயந்தன், உண்மையில அது சுகமாத்தான் இருந்தது. வலிச்சது அடுத்தது, கன்னத்துக்கு உள்ள ஒரு விரல் வெளிய ஒரு விரல் வச்சு மசெற்றரில கட்டிபட்ட இடத்தைப் பிடிச்சு அழுத்தினது, கண்ணால தண்ணி வந்திட்டுது, அரை நிமிசத்தில அதுவா இளகிச்சு.

சில இடங்களில டென்ஸ் (தோலில வயர் ஒட்டி மெல்லிய கரண்ட் குடுக்கிறது), அல்ட்ராசவுண்ட், லேசர் வைப்பாங்க. வலியைக் கொஞ்சம் இறக்கும், அதோட எக்ஸசைஸ் செய்ய லேசா இருக்கும், சரி. ஆனா வயரை ஒட்டி 15 நிமிசம் வச்சிட்டு "அடுத்த கிழமை வாங்க" எண்டு மட்டும் அனுப்பினா, வீட்டில என்ன செய்யிற எண்டு வாய் விட்டுக் கேளுங்க. மெஷின் தனிய ஒண்டும் மாத்தாது, இது என்ட கருத்து. இன்னும் ஒண்டு, பல்லை ராவி மட்டப்படுத்துறது, பல்லுப் புடுங்கிறது, மூட்டு ஒப்பரேசன் மாதிரித் திரும்ப மாத்தேலாத வேலைக்கு முதல் கட்டத்திலயே ஓம் எண்டு சொல்லாதேங்க. அநேகமான ஆக்களுக்கு எக்ஸசைஸும் பழக்க மாத்தமும்தான் போதும். ஒரு பல்லைக் குடுத்துப்போட்டுச் சொல்லுறன்.

எக்ஸசைஸுக்கு முந்தி ஒரு விசயம்

வாய் மூடியிருக்கேக்க உங்கட மேல்பல்லும் கீழ்ப்பல்லும் முட்டிக்கொண்டு இருக்கா? இப்ப, இதை வாசிக்கேக்க? முட்டிச்சுது எண்டா பாதி வருத்தம் அதுதான். ஒரு நாளைக்குச் சாப்பிடுறது விழுங்கிறது எல்லாம் சேத்தும் பல்லும் பல்லும் முட்ட வேண்டிய நேரம் அரை மணித்தியாலம் கூட வராது. மிச்ச நேரம் உதடு மூடி, பல்லு 2, 3 மில்லிமீற்றர் விலகி, நாக்கு மேலண்ணத்தில சாஞ்சு, மூக்கால மூச்சு, இதான் தாடையின்ட ஓய்வு நிலை.

நாக்கு எங்க நிக்கோணும் எண்டு எனக்கு விளங்கேல்ல. மிஸ் சொன்னவ, "அக்கா, 'ன்' எண்டு சொல்லுங்க, சொல்லிப்போட்டு அப்பிடியே நில்லுங்க." நாக்கு நுனி முன்பல்லுக்குக் கொஞ்சம் பின்னால மேட்டில போய் நிண்டுது. 'ந்' எண்டா பல்லில முட்டும், 'ண்' எண்டா கூடப் பின்னுக்குப் போகும், 'ன்'தான் சரியான இடம். ஸ்கூலில மூண்டு சுழி ரெண்டு சுழிக்கு அடி வாங்கினது இதுக்குத்தான் உதவிச்சு.

நினைவு வராது, அதான் கஷ்டம். நான் மெஷின் தலையில சிவப்பு நூல் ஒண்டு கட்டினன், அது கண்ணில படேக்கெல்லாம் பல்லை விலக்கிறது. முதல் நாள் எத்தினை தரம் கடிச்சுக்கொண்டு இருந்தன் எண்டு எண்ணத் தொடங்கி 40க்குப் பிறகு விட்டிட்டன். கத்தரிக்கோலை ஒரு நாடாவில கட்டி மெஷினில தொங்க விட்டன், குண்டூசிக்கு மணிக்கட்டில ஒரு பஞ்சுக் குஷன். ரைவர்மார் டிராபிக்கில, பிள்ளையள் சோதனைக்குப் படிக்கேக்க, கணக்கு எழுதுறவை கொம்பியூட்டருக்கு முன்னால, எல்லாரும் இப்பிடித்தான் கடிக்கினம்.

சூடும் மஸாஜும்

துவாயைச் சுடுதண்ணியில நனைச்சுப் பிழிஞ்சு, கையில சூடு பாத்து, கன்னத்திலயும் கன்னப்பொறியிலயும் 15 தொடக்கம் 20 நிமிசம். ஆறினா திரும்ப நனைங்க. அடிபட்டதோ புதுசாத் தொடங்கின குத்து வலியோ எண்டா முதல் ரெண்டு நாள் ஐஸ், துணியில சுத்தி 10 நிமிசம். அம்மா என்னைக் கன்னியா வெந்நீர்க் கிணத்துக்குப் போய் ஏழு கிணத்திலயும் அள்ளி ஊத்தச் சொன்னவ. போனன், சுகமாத்தான் இருந்தது, ஆனா நாளைக்கு ரெண்டு தரம் கன்னியா போகேலாதே, துவாய் போதும்.

சூட்டுக்குப் பிறகு மஸாஜ். கன்ன எலும்புக்குக் கீழ மூண்டு விரலை வச்சு, வாய் லேசாத் திறந்தபடி, தாடை மூலை வரைக்கும் மெதுவாக் கீழ இழுங்க, ஒரு பக்கம் ஒரு நிமிசம். கன்னப்பொறியில சின்ன வட்டமா. வாய்க்குள்ள விட்டுச் செய்யிறது எண்டா நகம் வெட்டி, கை நல்லாக் கழுவி, பெருவிரல் உள்ள, சுட்டு விரல் வெளிய, கட்டி இடத்தை 30 செக்கன் பிடிச்சு விடுங்க. தாங்கக்கூடிய நோ போதும்.

இனி எக்ஸசைஸ்

சிலி நாட்டு பிசியோ மரியானோ ரொகாபாடோ எண்டவர் ஒழுங்குபடுத்தின 6க்கு 6 எண்டு ஒரு முறை உலகம் முழுக்கப் பாவிக்கினம், ஆறு எக்ஸசைஸ், ஒவ்வொண்டும் ஆறு தரம், நாளைக்கு ஆறு முறை. நாக்கு நிலை, நாக்கு ஒட்டித் திறக்கிறது, தாடையை அசையாமப் பிடிக்கிறது, மிச்சம் கழுத்தும் தோளும். எனக்கு மிஸ் தந்தது அதில இருந்து கொஞ்சமும் வேற கொஞ்சமும்.

ஒண்டு, நாக்கு நுனியை அந்த 'ன்' இடத்தில ஒட்டி வச்சபடி, கண்ணாடி பாத்து, நாக்கு விடுபடாத அளவுக்கு மட்டும் வாயைத் திறந்து மூடுங்க. நாக்கு ஒட்டியிருக்கிற வரைக்கும் மூட்டு சுழல மட்டும் செய்யும், வழுக்காது, 'டிக்' வராது. நாடி நேரக் கோட்டில இறங்கோணும். நான் கண்ணாடியில மார்க்கிங் சோக்கால நிமித்திக் கோடு கீறி வச்சன், எனக்கு அது கைவந்த வேலை.

ரெண்டு, வாய் ஒரு விரல் அளவு திறந்து, ரெண்டு விரலை நாடிக்குக் கீழ வச்சு மேல தள்ளுங்க, தாடை அசையாம எதிர்த்து நிக்கோணும், 6 செக்கன். பிறகு வலப்பக்கம், இடப்பக்கம் வச்சு அதே மாதிரி. பலம் எவ்வளவு எண்டு கேட்டா, ஊசியில நூல் கோர்க்கேக்க விரல் பிடிக்கிற பலம் அவ்வளவுதான். கூடத் தள்ளினா வலியை நீங்களே கூப்பிட்ட மாதிரி.

மூண்டு, பக்கவாட்டு. எங்கட திருகோணமலைக் கோட்டைக்குள்ள நிக்கிற மான் அசை போடுறதைப் பாத்திருப்பீங்க, கீழ்த்தாடை அப்பிடிப் பக்கத்துக்குப் போய் வரும். எங்களுக்கும் 8, 10 மில்லிமீற்றர் அளவு பக்கத்துக்குப் போகோணும். பல்லு முட்டாம மெதுவா வலது, நடு, இடது, நடு, 6 தரம். போகாத பக்கம் எதெண்டு கொப்பியில குறியுங்க.

நாலாவது இழுவை, இது வாய் சின்னனாகிப் போனவைக்கு மட்டும். தாடை அடிக்கடி விலகி மாட்டுப்படுறவை, வாய் தேவைக்கு மேல திறக்கிறவை இதைத் தொடவே வேண்டாம். பெருவிரலை மேல் முன்பல்லிலயும் சுட்டு விரலைக் கீழ் முன்பல்லிலயும் கத்தரிக்கோல் மாதிரிக் குறுக்கா வச்சு, இழுபடுற உணர்வு வரும் வரைக்கும் விரிச்சு 30 செக்கன், மூண்டு தரம். இல்லாட்டி ஐஸ்பழக் குச்சி. கழுவிக் காய வச்ச குச்சிகளை அடுக்கி, லேசாப் போற எண்ணிக்கையில பல்லுக்கு இடையில வச்சுப் பிடிங்க, கிழமைக்கு ஒண்டு கூட்டுங்க. ஒரு குச்சி 2 மில்லிமீற்றருக்குக் கிட்ட. நான் 12 குச்சியில தொடங்கினன், எங்கட வீட்டுச் சின்னனுக்கு அந்த மாசம் முழுக்க ஐஸ்பழம் சாப்பிட நல்ல சாட்டு.

அஞ்சு, கழுத்து. நேர நிமிந்து இருந்து, மேல கீழ பாக்காம, நாடியை நேரப் பின்னுக்கு இழுங்க, பிடரி நீளும், 6 செக்கன் பிடிச்சு விடுங்க. கூடவே தோள்பட்டை எலும்பு ரெண்டையும் பின்னுக்குச் சேருங்க. மெஷின் கதிரையை நான் ஒரு பலகை வச்சு உயர்த்தினன், லைட்டைக் கிட்டக் கொண்டு வந்தன், குனிவு பாதியாக் குறைஞ்சுது. தலை முன்னுக்குப் போனா தாடை பின்னுக்கு இழுபடும், நீங்களே செய்து பாருங்க, பல்லு முட்டுற இடமே மாறும்.

எக்ஸசைஸ் செய்யேக்க லேசா நோகலாம், கொஞ்ச நேரத்தில அடங்கோணும். அடுத்த நாளும் நிண்டா எண்ணிக்கையைப் பாதியாக்குங்க.

சாப்பாடு, கொட்டாவி, நித்திரை

ரெண்டு மூண்டு கிழமைக்கு இடியப்பமும் சொதியும், புட்டுக்குக் கறி விட்டு இளக்கி, மீனெண்டா முள்ளெடுத்து, பாணெண்டா கரை வெட்டி. பொல் ரொட்டி, கச்சான், கருவாட்டுப் பொரியல், மாங்காய், புழுக்கொடியல், சுவிங்கம் வேண்டாம். கொத்து கேக்கிறீங்க எண்டு தெரியும், ரொட்டி இழுவையா இருக்கும், விடுங்க. கஞ்சியிலயே கிடக்கவும் வேண்டாம், வலி குறையக் குறைய வழமைச் சாப்பாட்டுக்கு வாங்க, சின்னச் சின்னனா வெட்டி ரெண்டு பக்கமும் சப்புங்க. கொட்டாவி வந்தா நாக்கை மேல ஒட்டிக்கொண்டு நாடிக்குக் கீழ கை குடுங்க. கொட்டாவியில வாய் திறந்தபடியே மாட்டி மூட ஏலாமப் போனா வீட்டில ஆரையும் அமத்த விடாதேங்க, ஆஸ்பத்திரியில ஏத்தி விடுவாங்க.

நித்திரைக்கு மல்லாக்கவோ, கழுத்து நேரா இருக்கிற மாதிரித் தலகணி வச்சுச் சரிஞ்சோ படுங்க, குப்புறப் படுக்கிறது தாடையைப் பக்கத்துக்குத் தள்ளும். பின்னேரத்துக்குப் பிறகு தேத்தண்ணி, கோப்பி குறைங்க, சாராயம், சிகரெட் ராத்திரிப் பல்லு நெருமலைக் கூட்டும். காலமை தாடை விறைச்சு எழும்பிறவை பல்லு டொக்டரிட்ட ஸ்பிளின்ற் பற்றிக் கேளுங்க, ராத்திரி போடுற ஒரு கவசம், பல்லுத் தேயாமக் காக்கும். சில மன அழுத்த மாத்திரைகளாலயும் நெருமல் வரலாம், அப்பிடி எண்டா டொக்டரிட்ட சொல்லுங்க, நீங்களா நிப்பாட்டாதேங்க.

எத்தினை நாள் எண்டு கேட்டா, எனக்கு ரெண்டாம் கிழமை காது வலி போச்சு, ஆறாம் கிழமை 36 மில்லிமீற்றர், மூண்டாம் மாசம் 41. நடுவில ஒரு கலியாண வீட்டு அவசர ஓடர் வந்து நாலு நாள் ராத்திரி தைச்சு, திரும்ப 33க்கு இறங்கினதும் உண்டு. அப்ப செய்தது இதுதான்: இழுவையை நிப்பாட்டி, துவாய்ச் சூடு மூண்டு நேரம், இடியப்பம், நாக்கு ஒட்டித் திறக்கிற அந்த ஒண்டு மட்டும். அஞ்சு நாளில திரும்ப ஏறிச்சு. 'டிக்' இப்பவும் இருக்கு, வலியில்லாததால அதோட நான் சண்டைக்குப் போறதில்ல. மெஷின் தலையில கட்டின சிவப்பு நூல் அழுக்காகிப் போச்சு, போன கிழமைதான் புதுசு மாத்தினன், பழசை அறுக்கேக்க வாய் தானாக் கிட்டப் போச்சுது, நல்ல வேளை கத்தரிக்கோல் கைக்குக் கிட்டயே தொங்கிச்சு.